மாப்பிள்ளை மெஷினும் நான்காவது ஸ்க்ரூவும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் தினமும் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் கம்மியிருந்தது, கேட்டதற்கு ஒன்றும் இல்லை, ஏசிக் காற்று என்றாய். உன்னைப் பெற்றவளிடமே கதை விடுகிறாயா? வெந்நீர் குடி, ஈரத் தலையோடு வெளியே ஓடாதே. அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, மாடி ஏறும்போது மட்டும் படிக்கு ஒரு ஸ் என்கிறார், பதினெட்டுப் படிக்குப் பதினெட்டு ஸ். மேல் வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, நம் குளியலறைக் கூரையில் ஈரம் வாணலி அளவுக்கு வட்டமாகப் பரவியிருக்கிறது. போய்ச் சொன்னால் நாளைக்கு ஆள் வரும் என்கிறார்கள், அவர்களுடைய நாளை எந்தக் கிழமை என்றுதான் தெரியவில்லை.

இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று சிரிக்காதே. போனை அப்பா ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிடுகிறார், நீ என்னைக் கேட்கும் கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்கிறார். அவர் இல்லாத நேரத்தில் கூப்பிடலாம் என்றால் அவர் இல்லாத நேரம் என்று எனக்கு ஒன்று கிடையாது, ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே ஃபேக்டரி. அதனால் கேன்டீன் ஸ்டோர் ரூமில் சர்க்கரை மூட்டைமேல் உட்கார்ந்து, மூன்றரைக்கும் நாலரைக்கும் நடுவில் எழுதுகிறேன். இது மூன்றாவது நாள். முதல் இரண்டு நாள் எழுதியதைக் கிழித்துவிட்டேன், இதை மட்டும் கிழிக்க மாட்டேன்.

நீ புதுக் காபி மெஷின் வாங்கிப் படம் அனுப்பியிருந்தாயே, அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பொன் தகடு தெரிகிற மாதிரி சாய்த்து எடுத்திருந்தாய். அம்மா, முதல் வாய் குடிச்சதுமே அப்படியே உன் கை காபிம்மா, இதுக்குத்தான் எல்லாரும் இந்தப் பேரைச் சொல்றாங்க என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, பஸ்ஸில் வந்தவர் போனவருக்கெல்லாம் அந்தப் படத்தைக் காட்டினார். நான் அடுப்படிக்குப் போய்க் கழுவின டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன். அம்மாவுக்குச் சந்தோஷம் இல்லையா என்று நீ கேட்டாய், நான் பேச்சை மாற்றினேன். ஏன் மாற்றினேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதம்.

எங்கள் ஃபேக்டரியில் என்ன நடக்கிறது என்று உனக்குப் பாதி தெரியும். ஒரே அச்சில் ஒரே கறுப்பு உடம்பு, ஒரே மோட்டார், ஒரே கொதிகலன், ஒரே பெல்ட்டில் வரிசையாக வரும். கடைசி பெஞ்சில் அப்பா. காலை முழுக்கப் பொன் தகடு வைத்து நாலு ஸ்க்ரூ முறுக்குவார், அது பெரிய பெயர், கப்பலேறி உன் பக்கமெல்லாம் வரும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அதே மெஷினுக்குச் சாம்பல் தகடு, அது எங்கள் கம்பெனியின் சொந்தப் பெயர், விலை பாதி. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, பெல்ட்டில் நிற்கிற முந்நூறு பேருக்கும் தெரியும். பொன் தகட்டு மெஷினுக்கு மாப்பிள்ளை என்று பெயர், ஏனென்றால் உபசாரமெல்லாம் அதற்குத்தான். சாம்பல் தகட்டுக்கு மச்சான், உழைப்பது அவன்தான், ஆனால் யாரும் உட்காரச் சொல்ல மாட்டார்கள்.

கேன்டீனில் ரெண்டு கவுன்டர். ஒன்றில் மாப்பிள்ளை, அதைப் பார்த்துக்கொண்டது கிளி அத்தை. இன்னொன்றில் மச்சான், அது நான். எங்கள் இருவருக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஒட்டுப்பலகைத் தடுப்பு. என் பக்கம் பின்னால் சுவர், இடது பக்கம் ஃப்ரிட்ஜ், முன்னால் மெஷின், வெளியே வர ஒரு தூக்குப் பலகை. ஒரு சுற்றுச் சுற்றினால் முழங்கை எதிலாவது இடிக்கும், பதினான்கு வருஷமாக அந்தப் பொந்தில்தான் நிற்கிறேன். ஒரே மூட்டைக் காபிப் பொடி, ஒரே கேன் பால், ஒரே சர்க்கரை. இருந்தாலும் மணி அடித்தால் வரிசை மாப்பிள்ளை பக்கம் கைகழுவும் தொட்டி வரை நீளும், என் பக்கம் அவசரக்காரர்களும் பொறுமையில்லாதவர்களும் மட்டும் வருவார்கள். அந்தத் தகட்டைத் தங்கள் கையாலேயே துடைத்துப் பெட்டியில் போடுகிற ஆட்களம்மா இவர்கள்! ரெண்டும் ஒண்ணுதானேடா என்று நான் கேட்டால், ஒண்ணுதான் அக்கா, ஆனா ருசின்னு ஒண்ணு இருக்கில்ல என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கிளி அத்தையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், சொன்னால் மனசு கொஞ்சம் ஆறுகிறது. உனக்கு அம்மை போட்ட வருஷம் பதினோரு நாள் என் ஷிப்டையும் சேர்த்து நின்றவள். பேச ஆரம்பித்தால் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாது, அதனால்தான் கிளி. காலையில் கையுறை மாட்டும்போது ஆரம்பிக்கிற பேச்சு சாயங்காலம் பஸ் கதவு சாத்தினால்தான் நிற்கும். வாசல் காவல்காரர் ஒரு நாள் ஷூவை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்ததை அவள் மூன்று வருஷமாகச் சொல்கிறாள். வீட்டில் அவள் ஒருத்தி சம்பாதித்துத்தான் படுத்த படுக்கையாய் இருக்கிற புருஷன் சாப்பிட வேண்டும். தினமும் மூன்று மணிக்கு, கூட்டம் குறைந்ததும், தன் கவுன்டரை விட்டுவிட்டு என் பக்கம் வந்து, ஒரு கப் போடுடி என்று கையை நீட்டுவாள். உன்கிட்டதான் மாப்பிள்ளையே இருக்காரே என்று நான் கிண்டல் செய்தால், அவருக்கு மரியாதை குடுத்தே எனக்குக் கை வலிக்குது என்பாள். என்மேல் இரக்கப்பட்டு வருகிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரெண்டு மாதத்துக்கு முன்னால் கேன்டீன் மேனேஜர், எப்போதும் கழுத்தில் டை கட்டியிருப்பதால் நாங்கள் டை என்போமே அவர்தான், வந்து நின்று, இனிமேல் ஒரு கவுன்டர்தான், இன்னொன்று இருந்த இடத்தில் குளிர்பானப் பெட்டி வரப்போகிறது என்றார். எந்தக் கவுன்டர் போவது என்பதை அவர் முடிவு செய்ய மாட்டாராம், குடிக்கிறவர்கள் முடிவு செய்வார்களாம். ஆளுக்குத் தினம் ஒரு நீல டோக்கன், எந்தக் காபி பிடித்ததோ அந்தக் கவுன்டர் டப்பாவில் போட வேண்டும், நாலு வாரம் நடக்கும், வெள்ளிக்கிழமை தோறும் எண்ணிப் பலகையில் எழுதுவார்கள். தோற்ற கவுன்டரோடு அதில் நிற்கிறவளும் போக வேண்டும். நாலு வாரத்துக்கும் யாரும் இடம் மாறக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். வாரத்துக்கு வாரம் நாங்கள் இடம் மாற்றிக்கொள்கிறோம் சார் என்று கிளி அத்தைதான் முதலில் கேட்டாள், விதி விதிதான் என்றார் டை. முதல் வெள்ளிக்கிழமை பலகையில் அவளுக்கு ஆயிரத்து நூற்று இருபது, எனக்கு நூற்றுப் பதினான்கு. அதிலும் தினம் ஒன்று அப்பா போட்டது, ஒன்று கிளி அத்தை போட்டது என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் அழவில்லை, அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. ஐம்பத்திரண்டு வயதில் யார் எனக்கு வேலை கொடுப்பார்கள் என்று கேட்டேன், அவ்வளவுதான். அப்பா சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் மெஷின்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை நடக்கிற சர்வீஸ், அப்பாதான் போனார். திங்கள்கிழமை காலையில் பார்த்தால் பொன் தகடு என் கவுன்டரில் மின்னுகிறது! கழற்றி மாட்டும்போது மெஷின் இடம் மாறிவிட்டது போல என்று எல்லோரும் சொன்னார்கள், டைகூடத் தலையை ஆட்டிவிட்டுப் போனார், மெஷின் இடம் மாறக் கூடாது என்று அவர் விதியில் இல்லையே. கிளி அத்தை தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்து, என்னடி, மாப்பிள்ளை உன் வீட்டுக்கு வந்துட்டாரா, நல்லா கவனிச்சுக்கோ என்றாள். அப்புறம் தன் மெஷினின் தண்ணித் தட்டைக் கழற்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் அது உறைக்கவில்லை, என் முன்னால் வரிசை நின்றுவிட்டதே.

கண்ணு, உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், அந்த ஒன்பது நாள் நான் ராணி மாதிரி இருந்தேன். அக்கா உன் கைக்கு இந்த மெஷின்தான் சரி என்றார்கள். பெயின்ட் செக்‌ஷன் பெரியவர், என் காபியை ஒரு நாளும் பாதிக்கு மேல் குடிக்காதவர், கப்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போனார். நானும் குடித்துப் பார்த்தேன். என்ன திடம், என்ன மணம், நுரைகூட வேறு மாதிரி நிற்கிறது என்று எனக்கே தோன்றியது. பதினான்கு வருஷமாக ரெண்டும் ஒன்றுதான் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான், என் நாக்கே என் பேச்சைக் கேட்கவில்லை. நல்ல மெஷின் கிடைக்காமல்தான் இத்தனை நாள் என் கை வீணானது என்று அப்பாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

பத்தாவது நாள் மெஷினின் பின்பக்கம் துணி போட்டுத் துடைத்தேன். விரலுக்கு ஒரு நெளிசல் தட்டுப்பட்டது. நீ ஊருக்குக் கிளம்பிய மறுநாள் என் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் பால் பாத்திரத்தைக் கொண்டுபோய் மெஷினில் இடித்தேன் என்று சொன்னேனே, அந்த நெளிசல். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் எனக்கு அது தெரியும், உன்னை நினைக்கும்போதெல்லாம் அதைத்தான் தடவுவேன். அது மாப்பிள்ளை இல்லை, என்னுடைய பழைய மச்சான்தான். மெஷின் இடம் மாறவே இல்லை, தகடுதான் மாறியிருக்கிறது. நான் பாராட்டிப் பாராட்டிக் குடித்தது பதினான்கு வருஷமாக நான் போட்ட அதே காபி.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார், பிரஷ்ஷை நிறுத்தாமலேயே, ஆமா நான்தான் மாத்தினேன், உன் முகத்தைப் பார்க்க முடியல, இப்ப என்ன, எல்லாரும் புகழுறாங்க இல்ல என்றார். எனக்கு வந்த கோபத்தில் என்னவெல்லாமோ சொன்னேன். கிளி என்ன ஆவாள் என்று கேட்டேன். அப்போதுதான் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். அதை அவர் யோசிக்கவே இல்லையடி, நான் தோற்கக் கூடாது என்பது மட்டும்தான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. திரும்ப மாற்றிவிடுங்கள் என்றேன். எப்படி மாற்றுவது? அந்த ஸ்க்ரூவுக்கு முக்கோணத் தலை, அதற்கான டிரைவர் அவர் பெஞ்சில் மட்டும், சாயங்காலம் எண்ணி உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள், சர்வீஸ் நாளில்தான் பெஞ்சை விட்டு வெளியே வரும். அடுத்த சர்வீஸ் ஆறு மாதம் கழித்து. வெளியே தெரிந்தால் அப்பாவின் வேலை போய்விடும், சும்மா சொல்லவில்லை. போன வருஷம் பேக்கிங்கில் ஒருவர் பொன் தகடு ஒன்றை எடுத்துப் போய் வீட்டு மிக்ஸியில் ஒட்டி வைத்தார், மனைவியை அசத்தலாம் என்று. மறுநாளே கேட்டுக்கு வெளியே. அப்பாவுக்கு ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம். முப்பத்தொரு வருஷ உழைப்புக்கு வர வேண்டியது எல்லாம் அந்த நாலு ஸ்க்ரூவில் தொங்குகிறது.

வாயைத் திறந்தால் புருஷன் போவார், மூடியிருந்தால் கிளி போவாள். இப்படி ஒரு இடத்தில் நின்றிருக்கிறாயா நீ? நிற்கவே வேண்டாம். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் கப்பையெல்லாம் வெந்நீரில் சூடு பண்ணி, பாலைப் பதம் பார்த்து, ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஊற்றுகிறாள். குடித்துவிட்டு, பரவால்ல, ஆனா மச்சான் மச்சான்தான் என்று சொல்லிக்கொண்டே என் டப்பாவில் டோக்கனைப் போடுகிறார்கள். டோக்கன் விழுகிற ஒவ்வொரு டக் சத்தமும் எனக்குக் குத்தியது.

சரி, நானாகத் தோற்றுப் போகிறேன் என்று ஒரு வழி கண்டுபிடித்தேன். பொடியைப் பாதியாகக் குறைத்தேன். குழாய்த் தண்ணீருக்குக் கொஞ்சம் நிறம் வந்த மாதிரி இருந்தது. இன்னிக்கு லேசா இருக்கு, வயித்துக்கு இதமா இருக்கு அக்கா என்றார்கள். மறுநாள் பாலை ஆறவிட்டுக் கொடுத்தேன். சூடு அதிகமா இருந்தா ருசி தெரியாது, பெரிய பெரிய இடத்துல இப்படித்தான் குடிப்பாங்க என்று ஒருவன் மற்றவனுக்கு விளக்கம் சொல்கிறான். மூன்றாம் நாள் வயிற்றெரிச்சலில் பாலை அடிபிடிக்க விட்டேன், கேன்டீன் முழுக்கத் தீய்ந்த வாடை. பெயின்ட் செக்‌ஷன் பெரியவர் கண்ணை மூடி ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, ஆஹா, ஒரு புகை மணம் வருது பாரு, மாப்பிள்ளை கிட்டதாம்மா இதெல்லாம் வரும் என்றார். நான் சிரித்தேன். ஸ்டோர் ரூமுக்குப் போய் இதே மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். அந்த வாரம் எனக்கு ஆயிரத்து நூற்று அறுபது. தகடு முன்னால் இருக்கும்வரை நான் சாணியைக் கரைத்துக் கொடுத்தாலும் குடிப்பார்கள் போல.

டையிடம் போனேன். தகடு மாறியதைச் சொல்லாமல், சார் ரெண்டு மெஷினும் உள்ளே ஒன்றுதான், இந்த டோக்கனுக்கு அர்த்தமே இல்லை என்று மட்டும் சொன்னேன். எனக்குத் தெரியாதாம்மா, ரெண்டு பெட்டிக்கும் நான்தானே கையெழுத்துப் போடறேன் என்றார். தெரிந்துமா என்றேன். தெரிஞ்சாலும் எனக்கும் இப்ப உங்க காபிதான் பிடிக்குது, என்ன பண்ணச் சொல்றீங்க என்று டையைச் சரிசெய்துகொண்டார். யாருக்கும் தெரியாத உண்மையாக இருந்தால் போட்டு உடைக்கலாம், எல்லோருக்கும் தெரிந்த உண்மையை எங்கே கொண்டுபோய் உடைப்பது? அப்படியென்றால் நான் போகிறேன், அவளை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வாரா வாரம் கணக்கு மேலே போகிறது, தோற்றவளை எப்படி வைத்துக்கொள்வது, நீங்கள் போனால் வெளியாள் ஒருத்திதான் வருவாள் என்றார். நான் போனாலும் அவளுக்கு இடம் இல்லை. அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதே எனக்கு மறந்துவிட்டது, இழுக்க வேண்டியதைத் தள்ளிக்கொண்டு நின்றேன். நான் கேட்டது எப்படியோ கிளி காதுக்குப் போய், பைத்தியமா உனக்கு, வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருடி என்று என்றைக்கும் இல்லாத கோபத்தோடு திட்டினாள். அவள் என்னை வாயை மூடச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நாலாவது வெள்ளிக்கிழமை டை எண்ணிப் பலகையில் எழுதினார், எல்லோரும் எனக்குக் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் கிளியும் இருந்தாள். மூன்று மணிக்கு ஏப்ரனை மடித்து வைத்துவிட்டு, வழக்கம் போல என் கவுன்டருக்கு வந்து, ஒரு கப் போடுடி என்றாள். நான் போட்டுக் கொடுத்தேன். நின்றபடியே நிதானமாகக் குடித்தாள். அப்புறம் பர்ஸைத் திறந்து, ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, என் உள்ளங்கையில் ஒன்றை வைத்தாள். குட்டியாக ஒரு ஸ்க்ரூ, முக்கோணத் தலை. சர்வீஸ் முடிஞ்ச திங்கக்கிழமை என் மெஷினுக்கு அடியில் இருக்கிற தண்ணித் தட்டுல கிடந்துச்சு, உன் வீட்டுக்காரர் தேடிட்டு இருப்பார், குடுத்துடு, என் தகடு மூணு ஸ்க்ரூலதான் நிக்குது என்றாள்.

சர்வீஸுக்குத் தகட்டைக் கழற்ற வேண்டியதே இல்லை, முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். அந்த ஸ்க்ரூவை டையின் மேசைமேல் வைத்திருந்தால் போதும், அவள் வேலை அவளிடம் இருந்திருக்கும், அப்பா வெளியே போயிருப்பார். காவல்காரரின் ஷூவை மூன்று வருஷம் பேசினவள் இதை மூன்று வாரம் பர்ஸில் வைத்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. என்னை மன்னித்துவிடு என்று சொல்ல வாய் எடுத்தேன், வரிசையில் ரெண்டு பேர் வந்து நின்றுவிட்டார்கள், அவர்கள் முன்னால் என்னத்தைச் சொல்ல? வந்ததெல்லாம் ஒரு அசட்டுக் கேள்விதான், காபி எப்படி இருக்கு கிளி என்று கேட்டேன். அவள் கப்பைக் கீழே வைத்துவிட்டு, எப்பவும் போலத்தான் இருக்கு, இந்த மெஷின்ல நீ போடறது எப்பவுமே நல்லாத்தான் இருக்கும், பிடிக்காமலா தினமும் மூணு மணிக்கு வந்து நின்னேன் என்றாள். தூக்குப் பலகையை என் பக்கம் மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

இரக்கப்பட்டு வருகிறாள் என்று நினைத்தேனே, எனக்கே என் கை தெரியாமல் போனபோது, அந்த ஃபேக்டரியில் காபியைக் காபியாகக் குடித்தவள் அவள் ஒருத்திதான். அவளைத்தான் அனுப்பிவிட்டோம்.

இப்போது அவள் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற சலவைக் கடையில் துணி மடிக்கிறாள். முன்பக்கம் கண்ணாடி, உள்ளே ஒரே ஆவி. என்னைப் பார்த்ததும் கையை ஆட்டி என்னவோ பேசுகிறாள், வாய் அசைவது தெரிகிறது, ஒரு சொல் கேட்பதில்லை. நானும் தலையை ஆட்டிவிட்டு நிற்காமல் வந்துவிடுகிறேன். உள்ளே போய்ப் பேசத் தைரியம் இல்லை எனக்கு. இரண்டு நாள் முன்னால் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கிச் சுற்றிக்கொண்டு போகலாம் என்றேன், முழங்கால் வலிக்கிறது, எதற்குச் சுற்றணும் என்றார் அப்பா. என்ன சொல்வேன்? ஸ்க்ரூ இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது. கொடுத்தால் கிளிக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும், அதற்கப்புறம் அவர் தொண்டையில் சோறு இறங்காது, பதினான்கு மாதம் அந்த பெஞ்சில் எப்படி உட்காருவார்? கொடுக்காவிட்டால் நான் சுமக்க வேண்டும். சில்லறை எடுக்கும்போதெல்லாம் விரலில் குத்துகிறது. தடுப்பை எடுத்துவிட்டார்கள், அவள் நின்ற இடத்தில் குளிர்பானப் பெட்டி உறுமிக்கொண்டு நிற்கிறது, என் பொந்து முன்னைவிடச் சின்னதாகிவிட்டது. இப்போது எல்லோரும் என்னிடம்தான் குடிக்கிறார்கள். எல்லோரும் ஆஹா என்கிறார்கள். ஒவ்வொரு ஆஹாவுக்கும் நான் சிரிக்க வேண்டும்.

இங்கே வந்துடும்மா, மெஷின்தான் இருக்கே, நீ போட்டுக் குடு என்று கூப்பிட்டாய். வர ஆசை இல்லாமலா? ஆனால் இப்போது நான் கிளம்பினால், அவளிடமிருந்து பிடுங்கிய வேலையை வேண்டாம் என்று வீசிவிட்டு வந்தவள் ஆவேன். இங்கேயே இருந்தால் பிடுங்கியதைத் தின்றுகொண்டு இருப்பவள். இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்று உனக்குத் தோன்றினால் எனக்குச் சொல், நீ படித்தவள்.

நாலரை மணி அடிக்கப் போகிறது, வரிசை வந்து நின்றுவிடும். உன் மெஷின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அந்தத் தகட்டை முறுக்கியது அப்பாவின் கையாகவே இருக்கும், காலை வேலையாக இருந்தால். ஒரே ஒரு காரியம் மட்டும் எனக்காகச் செய். ஒரு நாள் தகட்டின்மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, ஒரு கப் போட்டுக் குடி. எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லாதே. அது என் கை காபி மாதிரியே இருந்தாலும் சொல்லாதே, இல்லாவிட்டாலும் சொல்லாதே. போனில் அப்பாவிடம் அந்த மெஷினைப் பற்றிப் பேச்செடுக்காதே. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. மூக்கடைப்புக்கு மறக்காமல் ஆவி பிடி, தனியாக இருக்கிறோம் என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. உன்னோடு வேலை செய்கிறவர்களில் யாராவது உன் பக்கம் வந்து எதையாவது கேட்டால், இரக்கப்பட்டுத்தான் கேட்கிறார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதே. நீ நிற்கிற இடத்தில் கை காலை நீட்ட உனக்கு இடம் இருக்க வேண்டும், உன் வேலைக்குக் கிடைக்கிற பாராட்டு உன்னுடையதாகவே இருக்க வேண்டும், நீ நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா